அழவிடாத பதினோரு நாள்

சேர்க்கைப் படிவத்தில் அந்தக் கேள்வியே இல்லை.
அவளாகத்தான் சொன்னாள்:
பதினோரு நாளாக இவனை அழவிடவில்லை.

யாஸ்னா ஓயார்சூன், வயது இருபத்து மூன்று,
நண்டு ஆலையில் இரவுப் பணி, இப்போது விடுப்பு.
அழுத பிள்ளைக்குப் பால் என்பது ஊர்ப்பேச்சு.
இவன் அழுதால்
வலது தொடையிடுக்கில் ஒரு புடைப்பு,
காடை முட்டையளவு,
அழ அழப் பெருக்கும்.
அதனால் முகம் சுளிக்குமுன் முலை,
உதடு பிதுங்குமுன் தோள்,
அடுப்புக்கும் கட்டிலுக்கும் நடுவே
பதினோரு இரவு நடந்திருக்கிறாள்.
புந்தா அரேனாஸில் காற்று ஓயாத மாதம் அது.
ஆட்கள் பற்றிக்கொண்டு நடக்கத்
தெருவில் கயிறு கட்டும் மாதம்.
வீட்டுக்குள் அவளுக்குக் கயிறு இல்லை.

செவ்வாய்க்கிழமை அது உள்ளே போக மறுத்தது.
கல்லாகிவிட்டது.
டாக்டர் மிலோவிச் கையைச் சூடாக்கிக்கொண்டு
இரண்டே விரலால்
கெஞ்சுவதுபோல் அழுத்தினார். இருபது நிமிடம்.
குளுக்கென்று குடல் திரும்பிய ஒலி
எனக்கும் கேட்டது.
வீக்கம் வடிய இரண்டு நாள் பொறுத்து, இன்று.

எலீசெயோ பத்து வாரம் முந்திப் பிறந்தவன்.
விரை இறங்கி வரும் வழியொன்று
எல்லா ஆண்பிள்ளைக்கும் உண்டு,
இறங்கியபின் தானாக ஒட்டிக்கொள்ளும்.
இவன் கதவைச் சாத்த நேரமில்லாமல் வந்துவிட்டான்.
பின்னாலேயே குடலும் எட்டிப் பார்க்கிறது,
யார் போனது என்று.

மயக்கம் கொடுத்தால்
மூச்சு விட மறந்துபோகும் வயது.
எனவே முதுகில் ஓர் ஊசி.
அவனை மடித்துப் பிடிப்பது என் வேலை:
உட்கார வைத்து, முதுகை வில்லாக்கி,
கழுத்தை மட்டும் கவிழவிடாமல்.
மூன்று கிலோ நூறு கிராம்.
என் கட்டைவிரலுக்கடியில் முதுகெலும்பு
நூலில் கோத்த பயறு.
ஊசியின் பின்முனையில் தெளிந்த ஒரு சொட்டு வந்தது.
பிறகு மருந்து.
கால்கள் உதைப்பதை நிறுத்தின,
முதலில் இடது,
யோசித்துவிட்டு வலது.

இடுப்புக்குக் கீழே தூக்கம், மேலே விழிப்பு.
பச்சைத் துணிக்கு இந்தப் பக்கம்
சர்க்கரைத் தண்ணீரில் தோய்த்த ரப்பரைச் சப்பிக்கொண்டு
என்னையே பார்க்கிறான்.
அந்தப் பக்கம் அவனைத் திறந்திருக்கிறார்கள்.
நான் மழையைப் பற்றிப் பேசினேன்.
என் மாமன் பண்ணை நாய்களின் பெயர்களை
ஒவ்வொன்றாகச் சொன்னேன்.
அவை தீர்ந்ததும் தம்பியின் கடனைச் சொன்னேன்.

பை கிடைத்தது என்றார் மிலோவிச்.
நனைந்த வெங்காயச் சருகு அது.
மேலே ஒட்டிக்கொண்டு விந்துக்குழல், தையல் நூலினும் மெலிது,
என்றோ இவன் தகப்பனாகப் போகும் வழி.
அதைக் கிள்ளக் கூடாது, பிடிக்கவே கூடாது,
சுற்றியுள்ளதைத்தான் தள்ளித் தள்ளி விலக்க வேண்டும்.
எங்களில் யாரும் பேசவில்லை.
நாற்பத்தொன்று, என்றேன்.
மணி பார்ப்பதும் என் வேலைதான்;
எழுபதுக்குள் கால்கள் விழித்துவிடும்.
பையின் கழுத்தில் ஒரு முடிச்சு. இன்னொன்று.
நூல் சில வாரத்தில் கரைந்துபோகும்,
அதற்குள் உடம்பு பழகிக்கொள்ளும்
சாத்தியே இருக்க.
ஐம்பத்தாறு.

இரவு கண்காணிப்பு அறையில்
இரண்டே கால் மணிக்கு ஒருமுறை மறந்தான்.
பன்னிரண்டு நொடி. பதினான்கு.
உள்ளங்காலைச் சுண்டினேன்.
கால் உதைத்தது, மூச்சு வந்தது.
யாஸ்னா நாற்காலியில் வாய் திறந்து தூங்கிக்கொண்டிருந்தாள்.
காலையில்தான் சொன்னேன்.

ஆனால் அதற்கு முன்பே, இன்னும் இருட்டில்,
பசித்து அழுதான்.
அவள் எழுந்த வேகத்தில் நாற்காலி சாய்ந்தது.
தூக்கப் போன கை பாதியில் நின்றது.
டயப்பரை அவிழ்த்தாள்.
நான் விளக்கை இழுத்து வைத்தேன்.
தாடை நடுங்க, வயிறு முழுவதையும் திரட்டி
அழுதான்.
தொடையிடுக்கில் வெள்ளைப் பட்டை.
அதனடியில் ஒன்றும் எழவில்லை.
இரண்டு பேரும் பார்த்துக்கொண்டே இருந்தோம்.
பால் கசிந்து அவள் சட்டை நனைந்தது.
இன்னும் கொஞ்சம், என்றாள்.